ரஹீம் பாய் கண்ணில் லென்ஸ் உட்கார்ந்த இடம்

என் தப்பை மறைக்க ஒரு நோயாளி மீது பழி போட்டேன். ரெண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள்; புதுச்சேரியில் கண் டாக்டராக இருந்தேன்.

ரஹீம் பாய் பெரிய மார்க்கெட் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்பவர். பவர் மைனஸ் பதினாறு. கண்ணாடியைக் கழற்றினால் மூக்கு நுனியில் கொசுவின் கால்கூடத் தெரியும். அதுவும், வலது கண்ணில் இடுக்கும் லூப் என்ற சின்ன பூதக்கண்ணாடியும்தான் அவர் பிழைப்பு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது.

அறுவைக்கு முன் ஏ-ஸ்கேனில் கண்ணின் நீளத்தை எடுப்போம். உள்ளே வைக்கும் லென்ஸ் எந்த ஆழத்தில் உட்காரும் என்று ஃபார்முலா ஊகித்து, பவர் சொல்லும். நீண்ட கண்ணில் அந்த ஊகம் பிசகும். அதனால் கொஞ்சம் மைனஸ் மிச்சம் வைப்பது வழக்கம். எனக்கோ, தூரப் பார்வைக்குக் கண்ணாடியே வேண்டாதபடி பூஜ்யத்தில் நிறுத்திக் காட்டும் ஆசை.

முதலில் வலது கண்ணில் அறுவை செய்தேன். ஒரு மாதம் கழித்து அதைச் சோதித்தேன். பிளஸ் மூன்று. கணக்கு சொன்ன இடத்துக்கும் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது லென்ஸ்.

"பஸ் நெம்பரும் தெரில, ஸ்க்ரூவும் தெரில. ரெண்டுங்கெட்டானா பண்ணிட்டீங்களே டாக்டர்!"

"அளக்கும்போது நீங்க கண்ண அசைச்சிட்டீங்க பாய்."

"வாட்ச்சுல முடி மாதிரி இருக்குற ஹேர்ஸ்பிரிங் மாட்டுறப்ப மூச்சே வுடமாட்டேன். நானா அசைச்சேன்?"

அத்தோடு போய்விட்டார். சில வாரம் கழித்து மார்க்கெட் பக்கம் போனபோது அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

"நீங்க அசையல பாய். பேராசைப்பட்டது நான்தான்."

"தெரியும். பொய் சொல்லச்சொல்ல உங்க கொரலு ஸ்லோவா ஓடிச்சு."

வலது கண்ணில் லென்ஸை மாற்றித் தருகிறேன் என்றேன். "அத இன்னொருவாட்டி நோண்ட வேணாம். இடது கண்ணு இருக்குல்ல, அத ஒழுங்கா பண்ணுங்க."

வலது கண்ணில் லென்ஸ் உண்மையில் உட்கார்ந்த ஆழத்தை அளந்து, அந்தப் பிசகையே இடது கண்ணின் கணக்கில் சேர்த்தேன். கிட்டத்தில் பார்க்கும் அவர் வேலைக்காக மைனஸ் மூன்றுக்குக் குறிவைத்தேன், மூன்றரையில் நின்றது. ஸ்க்ரூ தெரிந்தது. ஆனால் முப்பது வருடம் வலது கண்ணில் நின்ற லூப், இடது கண்ணில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. பழக இரண்டு மாதம் ஆயிற்று.

அப்புறம் அவரே ஆட்களை அனுப்பினார். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "மொதல்ல என்னா வேலன்னு டாக்டராண்ட சொல்லிட்டுத்தான் கண்ணக் காட்டணும்னு பாய் சொன்னாரு." அதிலிருந்து சீட்டில் முதல் வரியாக வேலையை எழுதினேன், பிறகுதான் அளந்தேன்.

கடைக்குப் போனால் இன்றும் டீ வரும். மேசை விளக்கு இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம், அது முன்பு நின்ற இடத்தில், வட்டமாக ஒரு தடம்.