மைனஸ் மூன்றில் ஆர்ச்வே முருகனிடம்

இடுப்பு எலும்பு மாற்றி ஆறு வாரம் ஆன என் அண்ணைக்கு ஒரே ஒரு ஆசை: தைப்பொங்கலன்று ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போக வேண்டும். வைத்தியர் போகலாம் என்றார். விழ மட்டும் கூடாது, விழுந்தால் எல்லாம் முதலில் இருந்து என்றார். அவரைக் கூட்டிப் போகவென்றே யாழ்ப்பாணத்தில் இருந்து பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு ஃபாரஸ்ட் கேட்டில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு லண்டன் இது நாலாவது தரம். குளிரைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்பு.

திங்கள் வெப்பநிலை பதினொரு பாகை. வெறும் ஜம்பரோடு கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். செவ்வாய் மழையும் காற்றும். மூன்று பவுண்டுக்கு வாங்கிய குடை பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் மறுபக்கம் திரும்பிவிட்டது. காற்று நாளில் குடையை நம்பாதீர்கள், தொப்பி வைத்த மழைக்கோட்டே போதும். புதன் பின்னேரம் மழை விட்டு வானம் வெளித்தது. அழகாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, முகில் இல்லாத இரவில்தான் எல்லாம் உறையும். வடக்கில் இருந்து குளிர் இறங்குகிறது, வியாழன் காலை மைனஸ் மூன்று என்று போன் சொன்னது. அண்ணையின் மனைவியிடம், அதாவது என் மச்சாளிடம், அண்ணைக்கு ரப்பர் அடி வைத்த சப்பாத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். டாக்சியையும் வாசலுக்கே வரச் சொல்லிப் பதிந்தேன். வானிலை அறிவிப்பாளர் என்னிடம் தோற்றார் போங்கள்.

வியாழன் பொங்கல். ஆறு மணிக்கு எழும்பிக் குளித்து, ஒரு வாளி தண்ணீரால் வெளி வாசற்படியைக் கழுவி, அரிசிமாவில் கோலம் போட்டேன். வருடா வருடம் கை தானாகச் செய்கிற வேலை. விரல் விறைத்ததே தவிர மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. எட்டு மணிக்குச் சூரியன் எழும்ப, குசினியில் பால் பொங்கியது.

ஒன்பதேகாலுக்கு டாக்சி வந்தது. "நான் முன்னுக்கு இறங்கிறன். நீங்கள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிப் படியில் காலை வைத்தேன். அடுத்த கணம் கோலத்தின் நடுவில் இருந்தேன். "ஐயோ அண்ணை!" என்று அலறினேன்.

அண்ணை கைத்தடியை விட்டுவிட்டார். என்னைத் தூக்க ஒரு காலை வெளியே எடுத்தார்.

"வராதேங்கோ! ஐஸ்!"

மச்சாள் பின்னால் இருந்து அவருடைய கோட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். எடுத்த கால் உள்ளே திரும்பியது.

"இரவு மழை பெய்யேல்லையே, உதெப்பிடி?" என்றார் அண்ணை.

"மழை இல்லை அண்ணை. நான் ஊத்தின தண்ணி."

"கோலம் வடிவுதான்" என்றார் மச்சாள். "ஆளைக் கொல்லப் பாத்திட்டுது."

வீட்டில் இருந்த ஒரு கிலோ உப்பையும் படியில் கொட்டிவிட்டு, ஐஸ் உருகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். "மெயின் ரோட்டுக்குக் கவுன்சில் உப்புப் போட்டிட்டுது அக்கா. வீட்டுப் படிக்கு நாங்கள்தான் போட வேணும்" என்றார் டாக்சிக்காரர், அவரும் தமிழர்தான். ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீற்றர், ஐம்பது நிமிடம், காத்திருந்ததற்கும் சேர்த்து நாற்பத்து மூன்று பவுண்டு. கோவிலில் பூசை முடியும்வரை அண்ணை கதிரையில் அமர்ந்திருந்தார். நான் சாமியைப் பார்க்கவில்லை, அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: ஆர்ச்வே ஸ்டேசனில் இருந்து நடந்தால் ஏற்றம், பன்னிரண்டு நிமிடமாவது பிடிக்கும். வெயில் படாத நடைபாதையை விடுங்கள், அங்கே ஐஸ் கண்ணுக்கே தெரியாது. இரண்டு கிலோ உப்பு வீட்டில் இருக்கட்டும். கோலத்தை வீட்டுக்குள் போடுங்கள்.

இன்னொன்று. வழுக்கி விழுந்தால், யாரையும் கூப்பிட முன் ஒருதரம் வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் கத்தாமல் இருந்திருந்தால் அண்ணை உள்ளேதான் நின்றிருப்பார். ஐம்பத்தெட்டு வயதிலும் விழுந்தவுடன் எனக்கு அவரைத்தான் கூப்பிட வந்தது. புது இடுப்போடு அவரும் வந்தார்.