கயிறு கட்டிய நான்காம் நாள்

காலை 8.10. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் போகும் தனியார் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் பிறகு என்ன ஆகிறார்கள் என்று பதினெட்டு வருடமாக விசாரித்துத் திரிகிற ஆராய்ச்சிக்காரி நான். இந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கையில் படிவம் இல்லாமல் போவது இதுதான் முதல் முறை.

8.40. முதுநகர் தாண்டி செம்மங்குப்பம். ரசாயன நெடி அடித்ததும் ஆளாளுக்கு ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். இரவு ஷிப்ட் முடித்த நாலைந்து பேர் ஏறினார்கள். பழக்கதோஷம், அவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன், நடுங்குகிறதா என்று. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காதவளுக்கு இப்போது என்ன வந்தது!

ஏழுமலையும் இங்குள்ள ரசாயன ஆலை ஒன்றில்தான் ஒப்பந்தக் கூலியாக இருந்தார். எங்கள் ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒருவர், சிகிச்சை முடிந்தும் குடியை விட முடியாதவர். மாதம் ஒருமுறை அவருடைய மனைவி செல்விக்குப் போன் செய்வேன். மூன்று மாதத்துக்கு முன்னால் செல்வி சொன்னாள்: "கோயில்ல கயிறு கட்டிட்டாரு மேடம். மூணு நாளா தொடவே இல்ல. கைதான் வெடவெடன்னு நடுங்குது, தூக்கமே இல்ல."

பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டால், அது கையில் இருக்கும்வரை குடிப்பதில்லை என்று சாமிக்குச் சத்தியம். இந்தப் பக்கத்தில் பல பேர் குடியை விடுவது இப்படித்தான். "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். 'குடிக்கவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விட்டேன். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடுதிப்பென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். நடுக்கம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழுமலைக்கு வலிப்பு வந்து உயிர் போனது, அடுத்த மாதம் போன் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று நேரில் சொல்லத்தான் போகிறேன்.

9.35. சிதம்பரம். ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் போக ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஏழுமலையின் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"கயிறோட குடிச்சிட்டுச் செத்தாரே, அவுரு வூடா? சாமிய ஏமாத்துனா சும்மா வுடுமா மேடம்?"

"அவர் குடிக்கலைங்க."

"ஊரே சொல்லுதே!"

10.05. செல்வி நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். "பொண்ணு பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது மேடம். உங்கப்பன் சாமிய ஏமாத்துனவன்னு கூடப் படிக்கிற புள்ளைங்க சொல்லுதாம். எனக்குத் தெரியாமதான் குடிச்சிட்டாரு போல."

"இல்ல செல்வி. ஒரு சொட்டுகூடக் குடிக்கல. திடீர்னு நிறுத்துனதாலதான் வலிப்பு வந்துச்சு."

"அப்போ, குடிக்காததாலதான் செத்தாரா?"

"ஆமா. கை நடுங்குதுன்னு நீ சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

கத்துவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். அவள் மகளின் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதிக் குடுங்க."

எழுதினேன். ஏழுமலை கயிறு கட்டிய பிறகு குடிக்கவே இல்லை என்று ஒரு வரி. ஆபத்து என்று தெரிந்திருந்தும் நான் எச்சரிக்கவில்லை என்று அதற்குக் கீழே இன்னொரு வரி. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். செல்வி விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு இரண்டு வரிக்கும் நடுவே தாளை மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, கிழித்து, கீழ்ப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"இத வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? நீங்களே வச்சிக்குங்க."

மேல் பாதியை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தெருக்குழாயைப் பார்த்து நடந்தாள்.

12.20. திரும்பும் பேருந்தில் கூட்டம் இல்லை. கட்டுரை, அறிக்கை என்று பதினெட்டு வருடமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது, செல்வி குழாயடியில் படித்துக் காட்டப் போன அந்த ஒரு வரிதான். அதை நான் எழுத ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது. மற்றப் பாதி என் கைப்பையில் இருந்தது. கடலூர் வரும்வரை அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.