ஏழெட்டும் ஆறொம்பதும்

அதான் விமலா, மூணாவது மாடிக்காரி மருமக கோச்சுக்கிட்டு ஃபரீதாபாத் போனது நெசந்தான். ஏன் போனான்னு கேட்டா நீ சிரிப்ப. அத அப்புறம் சொல்றேன், நேத்து எங்க வீட்டுல நடந்தத மொதல்ல கேளு.

என் பேத்தி சாயங்காலம் இந்தியில ஏழாம் வாய்ப்பாடு படிச்சுக்கிட்டு இருந்தா. மூணாங்கிளாஸ் தான? சாத் ஏகம் சாத், சாத் தூனி சௌதான்னு இழுத்துக்கிட்டே வந்தவ, ஏழெட்டுல நின்னுட்டா. மருமக கேக்குறா, இவ ஃபேன பாக்குறா, செவுத்த பாக்குறா. நான் அடுப்படியில வெண்டைக்கா நறுக்கிக்கிட்டே "அம்பத்தாறு"ன்னேன். மருமக நம்பாம போன்ல போட்டுப் பாத்தா. சரியா இருந்துச்சு! பேத்தி ஓடியாந்து, "பாட்டி, உனக்கு எப்படி மாலூம்? உனக்குப் படிக்கவே தெரியாதே!"ன்னா. இன்னொண்ணும் வெச்சுக்கடீ, ஆறொம்பது அம்பத்திநாலுன்னேன். அதுவும் சரி. ராத்திரி எம் மவன் எனக்கு மொத தோச போடச் சொன்னான்னா பாத்துக்கயேன். நல்லவேள, மூணாவதா எதுவும் கேக்கல. எனக்கு வாய்ப்பாட்டுல அந்த ரெண்டு வரி தான் தெரியும். அது நான் படிச்சுக் கத்துக்கிட்டதில்ல, தின்னு கத்துக்கிட்டது.

அப்ப எனக்கு ஏழு வயசிருக்கும். எங்கம்மா இதே டில்லியில மோதி பாக் குவார்ட்டர்ஸ்ல ஒரு மாமி வீட்டுல வேல பாத்துச்சு. மாமா செக்ரடேரியட்ல கிளார்க்கு. நல்ல மனுசங்க தான், ஆனா கணக்குன்னா கணக்கு. அதுக்கு முன்னாடி இருந்த வேலைக்காரிய ஒரு கிண்ணம் காணோம்னு நிறுத்திட்டாங்க. அதனால எங்கம்மா அந்த வீட்டுக்குள்ள நொழையும்போதே என் காதுல சொல்லும், "எதையும் தொடாத, தொட்டா நமக்குச் சோறு இல்ல." நான் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டே தான் நிப்பேன்.

ஹோலி முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்ச நேரம். மாமி பொண்ணுக்குக் கல்யாணம் வந்துச்சு. அப்பளம் இட்டாகணும். கடையில வாங்குனா சம்பந்தி சிரிப்பாங்களாம். எங்கம்மா இடிச்சு, உருட்டி, தேய்ச்சுக் குடுக்கும், மாமி மொட்ட மாடியில வேட்டிய விரிச்சுப் பரப்புவாங்க. எப்படித் தெரியுமா, சிப்பாய் நிக்கிற மாதிரி. ஒரு வரிசைக்கு எட்டு, அப்படி ஏழு வரிசை. அந்தம்மா ஒவ்வொண்ணா எண்ணவே மாட்டாங்க. இந்த ஓரத்துல ஒருவாட்டி விரல நீட்டி எண்ணுவாங்க, அதுக்குக் குறுக்கா இருக்குற ஓரத்துல ஒருவாட்டி. ஏதோ முணுமுணுப்பாங்க, முடிஞ்சுது. நான் பாத்து வெச்சுக்கிட்டேன்.

என் கையில ஒரு குச்சியக் குடுத்து, கொரங்கு வந்தா வெரட்டுன்னு உக்கார வெச்சுட்டு ரெண்டு பேரும் கீழ போயிட்டாங்க. டில்லி கொரங்கப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? உன் ஃப்ரிட்ஜையே தொறந்தது தான? ஒண்ணு வந்துச்சு. நல்லா கொழுத்தது, மேனேஜர் மாதிரி. நான் குச்சியத் தூக்குனேன், அது பல்லக் காட்டுச்சு. நான் குச்சியக் கீழ போட்டுட்டேன். கடைசி வரிசையில இருந்து ஒரு அப்பளத்த எடுத்து அதுக்கு வீசுனேன். அது சுவத்து மேல உக்காந்து, பிச்சுப் பிச்சு, ருசிச்சு ருசிச்சுத் தின்னுச்சு. அது தின்ன அழகப் பாத்து எனக்கு நாக்குல ஊறிடுச்சு. பச்ச அப்பளம் தின்னுருக்கியா நீ? பெருங்காயம், மொளகு, உப்பு எல்லாம் சேந்து, அரைகுறையா காஞ்சு, மெத்துனு இருக்கும். ஒண்ணே ஒண்ணு தின்னேன்.

தின்னப்புறம் தான் திரும்பிப் பாத்தேன். கடைசி வரிசையில ரெண்டு பொக்கப் பல்லு மாதிரி எடம் காலி. மாமி பாத்தா அம்மாவுக்கு வேல போச்சு. கிண்ணத்துக்கே நிறுத்துனவங்க!

அப்ப வந்துச்சு பாரு எனக்கு ஒரு புத்தி. கடைசி வரிசையில மிச்சம் ஆறு இருந்துச்சா? மேல ஆறு வரிசை முழுசா இருந்துச்சா? அந்த ஆறையும் எடுத்து, ஒவ்வொரு வரிசை ஓரத்துலயும் ஒண்ணொண்ணா வெச்சுட்டேன். ஒரு ஓட்ட இல்ல! அளவெடுத்து வெட்டுன மாதிரி நின்னுச்சு. மாமி மாதிரியே ரெண்டு ஓரத்தையும் எண்ணிப் பாத்தேன். முன்னாடி எட்டும் ஏழும், விரல மடக்குனா பதினஞ்சு. இப்ப ஒம்பதும் ஆறும், அதுவும் பதினஞ்சு! ஒரு பக்கம் ஒண்ணு கொறஞ்சா மறுபக்கம் ஒண்ணு ஏறிடுச்சே. நாம தின்னதே கணக்குல இல்லன்னு நிம்மதியா உக்காந்துட்டேன்.

மாமி வந்தாங்க. விரல நீட்டி இந்த ஓரம், அந்த ஓரம். அப்புறம் அப்படியே நின்னுட்டாங்க.

"ஆறொம்போது அம்பத்திநாலு... ஏழெட்டு அம்பத்தாறுன்னா வெச்சேன்? ஏண்டி கொழந்தே, ரெண்டு அப்பளாம் எங்கடி?"

எண்ணவே இல்ல, எப்படிக் கண்டுபுடிச்சாங்க? பின்னால எங்கம்மா வந்து நிக்குது, மூஞ்சியில ரத்தமே இல்ல. நான், "ஒண்ணு கொரங்கு மாமி, ஒண்ணு நானு"ன்னுட்டேன்.

மாமி சிரிச்சாங்க பாரு, வேட்டி மேல விழாத கொற. கீழ இருந்து மாமாவக் கூப்புட்டாங்க. அவரு வந்து எம் பக்கத்துல குந்தி, "எப்படி அடுக்கினே, காமி"ன்னாரு. காமிச்சேன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டு எங்கம்மாவப் பாத்து சொன்னாரு: "இவளை இப்படி விடப்படாது. நாளைக்கே நான் அழைச்சுண்டு போய் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேத்துடறேன்."

அய்யோ விமலா, எனக்கு உசுரே போச்சு. அந்தக் குவார்ட்டர்ஸ்ல தெனம் காலையில புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போறத நான் பாத்திருக்கேன். ஒண்ணு கதவப் புடிச்சுக்கிட்டுக் கத்தும், ஒண்ணு தரையில பொரளும். ஒரு அப்பளம் தின்னதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? எங்கம்மா கால கட்டிக்கிட்டு ஒப்பாரி வெச்சேன். "இனிமே திங்க மாட்டேன், கொரங்குக்கும் குடுக்க மாட்டேன், என்னைய அங்க அனுப்பாதீங்க!" எங்கம்மா, நீயாவது படிடீ கண்ணுன்னு என்னென்னமோ சமாதானம் சொல்லிப் பாத்துச்சு. நான் விடல, மூச்சடச்சு நீலமாயிட்டேன். கடைசியில மாமாவே பயந்துபோய், "சரி சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னுட்டாரு. அடுத்த வருசம் அவருக்கு நாக்பூருக்கு மாத்தலாயிடுச்சு. எனக்கும் இடுப்புல தூக்கிக்க ஒரு தம்பி வந்துட்டான்.

அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் நான் குதிச்சுக்கிட்டே போனேன். அடி இல்ல, வேலையும் போகல, பள்ளிக்கூடமும் இல்ல, தப்பிச்சேன்! எங்கம்மா மட்டும் என் கைய விடாம புடிச்சுக்கிட்டு நடந்துச்சு, நடுவுல ஒருவாட்டி முந்தானையால மூக்கத் தொடச்சுச்சு. அவங்க வீட்டு அப்பளம் ரெண்டு போனதுக்கு இந்தம்மா ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வருதுன்னு எனக்கு ஒரே சிரிப்பு...

இரு, மூணாவது மாடிக் கதைய வந்து சொல்றேன், கீழ பாட்டு கேக்குது பாரு, குப்ப வண்டி வந்துட்டான். நேத்தும் விட்டுட்டேன், வெண்டைக்கா காம்பெல்லாம் நாறுது. ஏ பையா, ருக்கோ, நில்லுப்பா! விமலா, அந்த வாளிய இப்படி எடு.