துருவியைப் படுத்திய ‘ஆ’

வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்குத் துருவி என்று பெயர். அடிபட்ட கார்களின் முன்னால் குந்தி உட்கார்ந்து, “பிரேக் போட்டீங்களா? எப்போ போட்டீங்க? போட்டது உங்க காலா, பக்கத்து சீட்டுக்காரர் காலா?” என்று துருவித் துருவிக் கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். பதில் சொல்லி அலுத்துப்போய், இழப்பீடே வேண்டாம் சாமி என்று ஓடியவர்களும் உண்டாம். நிறுவனம் அவருக்குக் கேடயம் கொடுத்தது இதற்காகத்தானா என்று நான் கேட்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு வழக்கு முளைத்தது. ஐந்து வயது மகள் குட்டி, பள்ளியில் கடித்து வைக்கிறாள். பக்கத்துப் பிள்ளையின் கை, முன்பெஞ்சுப் பையனின் தோள், ஒருமுறை மிஸ்ஸின் முழங்கை. இன்னொரு தடவை கடித்தால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். துருவி மகளை நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார். ஏன் கடிச்சே, யார் முதல்ல ஆரம்பிச்சா, எந்தக் கை? குட்டி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் திறந்தாள், விசாரணை அதிகாரியையே கடித்தாள்.

“அவ என்ன உங்ககிட்ட இழப்பீடு கேட்டா வந்திருக்கா? கெளம்புங்க,” என்று மனைவி அவரைக் குழந்தைகள் மனநல மையத்துக்கு இழுத்துப்போனார்.

அங்கே சிகிச்சை தரும் பெண் விளக்கினார். அப்பாவும் மகளும் ஓர் அறையில் விளையாட வேண்டும். அந்தப் பெண் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்து, அப்பாவின் காதில் மாட்டிய கருவி வழியாகச் சொல்லிக்கொடுப்பார்.

“இதுக்கு ஆதாரம் இருக்கா?”

“இருக்கு சார். சில குடும்பங்களுக்கு உடனே ஆரம்பிச்சு, சிலரைக் காத்திருக்கச் சொல்லி, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. பல ஊர்ல, பல தடவை.”

துருவி சொக்கிப்போனார். தன் தொழிலில்கூட இவ்வளவு சுத்தமான சாட்சியம் கிடைத்ததில்லை.

“விளையாட்டு அவ கையில. அவ செய்யறதை நீங்க வாயால சொல்லணும், நல்லதைப் பாராட்டணும். கட்டளை கூடாது, குறை சொல்லக் கூடாது, கேள்வி கூடாது.”

“கேள்வியே கூடாதா?”

“கூடாது சார்.”

“ஒண்ணுகூடவா?”

“இதோட ரெண்டாச்சு. கேள்வி கேட்டா விளையாட்டு உங்க கைக்கு வந்துடும் சார்.”

கம்பளத்தில் கட்டைகள் கொட்டிக் கிடந்தன. குட்டி அடுக்கத் தொடங்கினாள்.

“வீடு கட்றியா?” என்றார் துருவி.

காதில் குரல் வந்தது: “சார், அந்த ‘ஆ’வை எடுத்துடுங்க. ‘கட்றியா’ இல்ல, ‘கட்றே’.”

தமிழில் கேள்வி எவ்வளவு சின்ன சமாச்சாரம் என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் வாக்கியத்தின் வாலில் ஓர் ‘ஆ’ ஒட்டிக்கொண்டால் போதும், விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடுகிறது. அதை வாசலில் தடுத்தால் கொல்லைப்புறமாக வந்தது: “சிவப்புக் கட்டையை மேல வைக்கிறே… இல்ல?”

“பரவாயில்ல சார். மூச்சை இழுத்து விடுங்க.”

“மூச்சை இழுத்து விடு,” என்றார் துருவி கிளிப்பிள்ளையாக, குட்டியிடம். அவளும் இழுத்து விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கித் தோற்றார்கள்.

வீட்டில் தினமும் ஐந்து நிமிடப் பயிற்சி. “வந்துடுச்சுங்க ‘ஆ’!” என்று சமையலறையிலிருந்து மனைவி நடுவராகக் குரல் கொடுப்பார். பழக்கம் அலுவலகத்துக்கும் தொற்றியது. “முன்பக்கம் நசுங்கியிருக்கு. சீட் ரொம்பப் பின்னால தள்ளியிருக்கு,” என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். குள்ளமான வண்டிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. “சார், உண்மையைச் சொல்லிடறேன். ஓட்டினது என் மச்சான்!”

குட்டியும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். “அவ பேரு ரொம்ப நீளம்ப்பா. அதான் கடிச்சேன்.” மறுநாள்: “பல்லு அரிச்சுதுப்பா.” முரண்பட்ட வாக்குமூலங்கள்! துருவி நாக்கைக் கடித்துக்கொண்டு, “நீயா வந்து சொன்னே. எனக்குச் சந்தோஷமா இருக்கு,” என்றார்.

அடுத்த கட்டத்தில், ஒரே ஒரு தெளிவான சொல்லில் கட்டளையிடுவதும், கேட்காவிட்டால் கத்தாமல் சமாளிப்பதும் பாடமாயின. கடி குறைந்துகொண்டே வந்தது. காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

“காரணம் தெரியாமலே சரியாகலாம் சார்,” என்றார் அந்தப் பெண்.

“அது எப்படிங்க?” துருவிக்கு ஆறவேயில்லை.

ஒரு நாள் பள்ளியிலிருந்து அழைப்பு. “கடி விஷயம். உடனே வாங்க.” வேறு பள்ளிகளின் பெயர்களை மனதுக்குள் உருட்டிக்கொண்டே ஓடினார்.

“உங்க பொண்ணு கடிக்கல சார், கடி வாங்கியிருக்கா,” என்றார் தலைமையாசிரியை. “திருப்பிக் கடிக்காம நேரா மிஸ்கிட்ட வந்து சொல்லியிருக்கா. அவ இங்கேயே படிக்கட்டும் சார்.”

குட்டி வெளியே பெஞ்சில் இருந்தாள். துருவி பக்கத்தில் உட்கார்ந்தார். யார், எப்போது, ஏன் என்று தொண்டைக்குள் ஒரே நெரிசல்.

“கையில பல் அடையாளம் இருக்கு,” என்றார்.

“ஆமா. வலிச்சுது.” குட்டி அந்த அடையாளத்தை ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தாள். “அவ ஏம்ப்பா என்னைக் கடிச்சா?”

“தெரியலம்மா.”

குட்டி அவர் முழங்காலில் தட்டிக்கொடுத்தாள்.

“அவளுக்கே தெரிஞ்சிருக்காதுப்பா,” என்றாள், அனுபவஸ்தியின் தோரணையில்.