ஹரீஷ்குமார் லினக்ஸ் போட்ட ஆயுதபூஜை

ஹரீஷ்குமாருக்குத் தவறே நேராது. நேர்ந்தால் அது வேறு யாருடைய தவறாகவாவது இருக்கும்.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகத் தரக்கட்டுப்பாடு அவர் கையில் இருக்கிறது. அங்கே ஏதாவது பழுதானால் ‘ஏன்?’ என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து பதிலையும் கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் வருவதுதான் மூலகாரணம். ஹரீஷ்குமார் எழுதிய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், ஐந்தாவது கட்டத்தில் பதினான்கு வருடமாக ஒரே வாசகம்தான்: ‘ஆபரேட்டர் அலட்சியம். மறுபயிற்சி அளிக்கப்படும்.’ கூரை ஒழுகி எந்திரம் துருப்பிடித்த வருடமும் அதையே எழுதினார். கூரைக்குக் கீழே நின்றது ஆபரேட்டர்தானே.

போன மாதம் மின்சாரம் போய் நாற்பது பாகம் வீணானபோது, மதுரைவீரன் என்ற ஆபரேட்டர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தான்.

“கரன்ட் போனதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்?”

“போகும்னு நீ யோசிச்சிருக்கணும்ல?”

மதுரைவீரன் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஹரீஷ்குமார் இதை மனைவி சௌமியாவிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை மதுரைவீரனின் குரலிலேயே பேசிக் காட்டினார்.

தொழிற்சாலை அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். மத்திகிரி பக்கம் அவர்கள் கட்டிய வீட்டில் செருப்பு விடும் இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். சர்க்கரை டப்பாவில் ‘சர்க்கரை’ என்று எழுதி, அதற்குக் கீழே குறைந்தபட்ச அளவு ஐந்நூறு கிராம் என்று ஒரு சிவப்புக் கோடும் இருக்கும். டீ குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மஞ்சள் கோட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, ஒரு விளக்கவுரையைக் கேட்டு முடித்து, டீ குடிக்காமலே போனது உண்டு.

சௌமியா கர்நாடக எல்லையோரத் தளிக்காரி. வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள். இரண்டு மொழியிலும் குறைவாகப் பேசுவாள். பேச வேண்டியதையெல்லாம் அவள் ஆரி ஊசியால் ரவிக்கைத் துணியில் பூவேலையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் அவளாகவே வரைந்த டிசைன் முந்நூற்று நாற்பது. பெங்களூர் ஜெயநகரில் ஒரு துணிக்கடை அம்மாள் அதில் பத்தைப் பார்த்துவிட்டு, “மொத்தத்தையும் கொண்டு வா, விஜயதசமி அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்” என்று சொல்லியிருந்தாள். காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

அந்த முந்நூற்று நாற்பதும் இருந்தது ஒரே இடத்தில்: டிவிக்குப் பக்கத்தில், இரண்டு ஹார்ட் டிஸ்க்கை வயிற்றில் வைத்துக்கொண்டு, வைஃபையோடு இணைந்து, பச்சை விளக்குக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டியில். வீட்டுப் படங்கள், கணக்குகள், வீடியோக்கள் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் அந்தப் பெட்டியை ஹரீஷ்குமார் ஐந்து வருடத்துக்கு முன் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்தார்.

முன்பு டிசைன்கள் மூன்று பென் டிரைவிலும் சௌமியாவின் போனிலும்கூட இருந்தன. போன வருடம் ஹரீஷ்குமார் வீட்டில் ‘வேண்டாததைக் கழி’ வாரம் நடத்தினார். தொழிற்சாலையில் வேண்டாத பொருளுக்குக் கட்டும் சிவப்புச் சீட்டை ஒரு கட்டு எடுத்து வந்து, வீடு முழுக்கத் தேடித் தேடிக் கட்டினார். மூன்று பென் டிரைவுக்கும் ஆளுக்கொரு சீட்டு.

“ஒரே பொருள் நாலு இடத்துல இருந்தா அது பாதுகாப்பு இல்ல சௌமி. அது வேஸ்ட்டு.”

“போன்ல மட்டுமாச்சும் வச்சுக்கறேங்க.”

“போன்ல இடம் அடைக்குது பாரு” என்று அதையும் அவரே அழித்துக் கொடுத்தார்.

இந்த வருடம் ஆகஸ்டில் அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனி இந்த மாடலுக்குப் புதுப்பிப்பும் ஆதரவும் கிடையாது, வாங்கியதற்கு நன்றி. ஹரீஷ்குமாருக்குச் சுருக்கென்றது. யாரோ ஒருவர் அவருக்கு ஆதரவை நிறுத்துவதா? யூடியூபில் ஒரு வெளிநாட்டுக்காரர் இதே பெட்டியில் இருக்கும் மென்பொருளை வழித்து எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் காட்டினார். இன்னும் பத்து வருடம் ஓடும் என்றார். தொழிற்சாலையில் வருடாந்தர மேம்பாட்டுப் போட்டிக்கு இதை அனுப்பினால் பரிசு நிச்சயம் என்று ஹரீஷ்குமார் கணக்குப் போட்டார். போன வருடங்களில் வாங்கிய சுவர்க்கடிகாரங்கள் நான்கு ஏற்கெனவே ஹாலில் நான்கு விதமான நேரம் காட்டிக்கொண்டிருந்தன.

அந்த வெளிநாட்டுக்காரர் இரண்டு விஷயத்தை மூன்று மூன்று முறை சொன்னார். முதலில் டிஸ்க்குகளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் தொடாதீர்கள். ஹரீஷ்குமார் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பவர். மூன்று முறை சொல்வதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்ப்பவர்.

ஆயுதபூஜை அன்று காலையில் அவர் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சௌமியா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, நாளைக்கு நான் ஜெயநகர் போகணும். இன்னைக்கே அதைத் தொடணுமா?”

“மெயின்டனன்ஸ் லீவு நாள்லதான் பண்ணணும். அப்பத்தான் புரொடக்‌ஷன் நிக்காது.”

“அப்ப டிசைனை முதல்ல போன்ல போட்டுக் குடுத்துடுங்க.”

“பன்னெண்டே நிமிஷம். பூஜைக்கு முன்னால முடிஞ்சிடும், போ.”

பத்து முப்பத்தெட்டுக்கு எழுத ஆரம்பித்தது. பெட்டியின் உள்ளே இருக்கும் சின்ன மெமரி சிப்பில் பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டிருப்பதை லேப்டாப் சதவீதக் கணக்கில் காட்டியது. பதினைந்து. இருபத்திரண்டு. பச்சை விளக்கு வேகவேகமாகச் சிமிட்டியது. ஹரீஷ்குமார் திருப்தியோடு எழுந்து போய்க் கைகால் கழுவினார்.

அதற்குள் சௌமியா எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டாள். மிக்ஸி, தையல் மெஷின், ஆரி சட்டம், வாசலில் கழுவி மாலை போட்ட வண்டி. இலையில் பொரி, கடலை, சுண்டல். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஹரீஷ்குமார் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். லேப்டாப்பின் மூடியில் ஒன்று. கறுப்புப் பெட்டியின் நெற்றியில் ஒன்று.

இங்கேதான் பதினான்கு வருடப் பழக்கம் தன் வேலையைக் காட்டியது. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பூஜை போடக் கூடாது. அது விதி. முந்தின நாள் தொழிற்சாலைப் பூஜையில்கூட மெயின் சுவிட்சை அணைக்கும் கௌரவம் அவருக்குத்தான் கிடைத்தது. சுவிட்சை விரலால் சுட்டிக் காட்டி, உரக்கச் சொல்லி, அப்புறம் அணைக்க வேண்டும். அப்போதுதான் கவனம் சிதறாது என்று அவரே பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறார்.

வாசல் பக்கம் மின் பலகைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். விரலை நீட்டினார்.

“மெயின் ஆஃப்!”

மின்விசிறி நின்றது. பெட்டி நிற்கவில்லை. அதற்கு இன்வர்ட்டர் இருந்தது. ஆனால் ஹரீஷ்குமார் எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை.

“இன்வர்ட்டர் ஆஃப்! உறுதி!”

வந்து தேங்காய் உடைத்தார். கற்பூரம் ஏற்றினார். தட்டை மிக்ஸிக்கு, தையல் மெஷினுக்கு, ஆரி சட்டத்துக்குக் காட்டிக்கொண்டே வந்தார். கண்ணை மூடியிருந்த சௌமியா திறந்து பார்த்தாள்.

“என்னங்க, அந்தப் பச்சை லைட்டு எரிஞ்சிட்டு இருந்துச்சே?”

“எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் சௌமி பூ...”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. கற்பூரம் தட்டில் தனியாக எரிந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் மட்டும், நெற்றிச் சந்தனம் காயாமல், ‘பெட்டியுடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது, 61 சதவீதம்’ என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மெயினைப் போட்டார். இன்வர்ட்டரைப் போட்டார். பெட்டியை அணைத்துப் போட்டார், தட்டிப் போட்டார், பின்பக்கத்து ரீசெட் ஓட்டையில் ஆரி ஊசியை விட்டு அழுத்திப் போட்டார். மிக்ஸி ஓடியது. பெட்டி ஓடவில்லை.

இந்த நிலையில் இன்னொருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஹரீஷ்குமார் அலமாரியைத் திறந்து கட்டம் போட்ட தாளை எடுத்தார். வீட்டிலும் ஒரு கட்டு வைத்திருந்தார், லேபிளோடு.

ஏன் பெட்டி எழவில்லை? எழுதுவது பாதியில் நின்றது. ஏன் நின்றது? மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஏன் துண்டிக்கப்பட்டது? பூஜை நடந்தது. ஏன் அந்த நேரத்தில் பூஜை? சுண்டல் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெந்துவிட்டது.

ஐந்தாவது கட்டத்துக்குப் பேனா போனபோது தாளின் மேல் நிழல் விழுந்தது. சௌமியா நின்றுகொண்டிருந்தாள்.

“எழுதுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?”

“மூலகாரணம் இன்னும் ஆய்வுல இருக்கு.”

அவள் அழவில்லை. ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் காய்கறிப் பையில் போட்டாள். தளிக்குப் போன் போட்டு, நாளைக்குப் பெங்களூர் போவது சந்தேகம் என்று அம்மாவிடம் கன்னடத்தில் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். ஹரீஷ்குமாருக்குக் கன்னடம் நன்றாகப் புரியும் என்பதுதான் அன்றைக்குச் சங்கடமாகிப்போனது.

பாகலூர் ரோட்டில் அன்று திறந்திருந்தது தஸ்தகீர் பாயின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றுதான். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். பாய் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“‘அனுமதியின்றிக் கழற்றக் கூடாது, ஹரீஷ்குமார்’னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே. யாரு சார் அவரு?”

“நான்தான்.”

“அப்ப அனுமதி குடுங்க.” பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். “என்ன பண்ணினீங்க இதை?”

“லினக்ஸ் போட்டேன் பாய்.”

“இதுல கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினதே லினக்ஸ்தானே சார்?”

ஹரீஷ்குமார் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா விளம்பரத்தைப் படித்தார். முழுவதும் படித்தார்.

“அது பழைய லினக்ஸ்” என்றார் கடைசியில்.

“பழசை எடுத்துட்டுப் புதுசு போடறது தப்பில்ல சார். நானே நாலு பெட்டிக்குப் போட்டிருக்கேன். டிஸ்க்கைக் கழட்டி வச்சிட்டு, கரன்ட்டைத் தொடாம இருந்தா போதும். ஒரு சின்னப் புள்ளைகூடப் போட்டுடும்.”

பாய் ஒரு டிஸ்க்கை ஒயர் வழியாகத் தன் பழைய லேப்டாப்பில் மாட்டினார். பெட்டிதான் செத்தது, டிஸ்க்கை எவனும் தொடவில்லை என்றால் லினக்ஸ் ஓடும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்றார். எதுவும் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் என்னவோ தட்டினார். மறுபடி தட்டினார்.

“பாய், நீங்க அந்த இதைக் கொஞ்சம்...” என்று ஹரீஷ்குமார் எட்டிப் பார்த்தார்.

“நீங்க வெளிய நில்லுங்க” என்றாள் சௌமியா. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

வெளியே நின்றார். கண்ணாடி வழியாக அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. ஆறு வருடமாகச் சட்டத்தின் மேல் குனிந்தே கிடந்த முதுகு அது. அதன் வலதுபக்கம் சற்றே இறங்கியிருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். எதற்கெடுத்தாலும் அளவு எடுக்கிறவர், இதை எடுத்ததில்லை. ஏன் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

முதுகு சட்டென்று தளர்ந்தது. கிடைத்ததா, போனதா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கையில் புதுப் பென் டிரைவ் மூன்று.

“கிடைச்சுதா சௌமி?”

“முந்நூத்தி நாப்பதும். இதுல மூணு, போன்ல ஒண்ணு. நாலு இடத்துல இருக்கு” என்றாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “வேஸ்ட்டுதான்” என்றாள்.

வீட்டில் கட்டம் போட்ட தாள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சௌமியா பேனாவை எடுத்து, நான்காவது கட்டத்திலிருந்த சுண்டலை ஒரே கோட்டில் அடித்தாள். ஐந்தாவது கட்டத்தில் நிதானமாக எழுதினாள். ஆபரேட்டர் அலட்சியம். மறுபயிற்சி அளிக்கப்படும்.

“கரன்ட் விஷயத்துல நான் என்ன சௌமி...” என்று ஹரீஷ்குமார் ஆரம்பித்தார்.

“போகும்னு யோசிச்சிருக்கணும்ல?” என்றாள் அவள். அவருடைய குரலிலேயே பேசினாள்.

செத்த பெட்டியில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டு, நாளைக்குக் கட்டப்போகும் சேலையை எடுக்க உள்ளே போனாள்.

ஹரீஷ்குமார் தாளைக் கையில் எடுத்தார். ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். மேல் மூலையில் ஒரு குறை கண்ணில் பட்டது. தேதி போடவில்லை. தேதி இல்லாத தாள் செல்லாது.

பேனாவைத் திறந்து தேதியைப் போட்டார். அதற்குக் கீழே, ஆபரேட்டர் என்ற இடத்தில், கையெழுத்தும் போட்டார்.