தண்ணீர் சிதறும் இடம்

ஐம்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு ஜோசியத்தில் நம்பிக்கை வரும். மும்பை தாராவி தொண்ணூறு அடி சாலையில் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்தும் வேலுச்சாமிக்குக் கேமரா வந்தது. அதுவரை அவர் எதையும் நின்று பார்த்த ஆள் இல்லை. கேமரா வந்தபிறகு, குக்கர் வாங்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு, மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிவ்ரி சதுப்பில் ஃபிளமிங்கோ, செம்பூர்ப் பக்கம் கொக்கு என்று கிளம்பிவிடுவார். கடையில் அவர் மனைவி கனகவள்ளி நிற்பாள். ஞாயிறுதான் வியாபாரம் நெருக்குகிற நாள் என்பது ஃபிளமிங்கோவுக்குத் தெரியாது. வேலுச்சாமிக்குத் தெரியும், ஆனால் மறந்துபோயிற்று.

வீட்டுச் சுவரெல்லாம் படம். பறக்கும் ஃபிளமிங்கோ, நிற்கும் ஃபிளமிங்கோ, மறையும் சூரியன். கனகவள்ளியின் படம் மட்டும் கிடையாது. கல்யாண ஆல்பம் இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் கூழாகிவிட்டது. அதன்பிறகு அவள் முகம் பதிந்த இடம் ஆதார் அட்டை ஒன்றுதான். அதிலும் அவளுக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை.

வேலுச்சாமியின் கனவெல்லாம் மாட்டுங்காவில் இருந்தது. அங்கே இயற்கை நிழற்படக் கழகம் என்று ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற ஆபீசர்களும் ஆடிட்டர்களும் அதில் உறுப்பினர்கள். 'மனிதக் கறை படியாத இயற்கை' என்பது கழகத்தின் கொள்கை. மின்சார ரயிலில் அடுத்தவர் முழங்கை விலாவில் குத்தாமல் மூச்சுவிட முடியாத ஊரில், படத்திலாவது ஆள் இருக்கக்கூடாது என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கத்தான் செய்தது. தலைவர் ஜெயராம், இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். வேலுச்சாமி எந்தப் படத்தைக் கொண்டுபோனாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, கலர் நன்னா வந்திருக்கு என்பார். அந்தக் கழகத்தில் அதற்கு, வேறொன்றும் வரவில்லை என்று அர்த்தம். வருஷாந்தரக் கண்காட்சிச் சுவரில் தன் படம் ஒன்று, கீழே தன் பெயரோடு தொங்க வேண்டும். வேலுச்சாமிக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார் என்பது அவருக்கே அப்போது தெரியாது.

வழிகாட்டியது இனாயத்துல்லா. பிவண்டியிலிருந்து டெம்போவில் பாத்திர லோடு கொண்டுவருகிறவர். கர்ஜத்துக்கு அப்பால் தன் மாமியார் ஊர்ப் பக்கம் ஒரு மலையிடுக்கு இருப்பதாகவும், மழைக்காலத்தில் அதன் உள்ளே யாருக்கும் தெரியாத அருவி ஒன்று கொட்டுவதாகவும் சொன்னார். யாருக்கும் தெரியாததென்றால் மும்பைக்காரர் யாருக்கும் தெரியாதது. அந்த ஊர்க்காரர்கள் தினமும் அருவிக்கு மேலே எருமை குளிப்பாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வேலுச்சாமி தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. அருவி என்ற சொல் காதில் விழுந்ததும் கனகவள்ளி கல்லாவை விட்டு எழுந்துவிட்டாள்.

"கொட்டுற தண்ணியா, வழியுற தண்ணியா?" என்று கேட்டாள்.

கொட்டுகிற தண்ணீர்தான் என்று இனாயத்துல்லா உறுதி சொன்னார். ஃபிளமிங்கோவுக்கு வராதவள் அருவிக்கு வருவதில் வேலுச்சாமிக்கு இஷ்டமில்லை. ஆனால் மழையில் கேமராவுக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, தாதரில் கர்ஜத் வண்டி ஏறினார்கள். அவர் தோளில் கேமராவும் அதை நிறுத்தும் முக்காலியும். அவள் பையில் தூக்குச்சட்டியில் புளிச்சோறு, நல்லெண்ணெய்ப் பாட்டில், சீயக்காய்ப் பொடி, மாற்றுச்சேலை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு அருவியைப் பார்ப்பது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதன் அடியில் போய் நிற்பதுதான் வேலை. இந்த விவரம் வேலுச்சாமிக்குத் தெரியாததல்ல. கழகத்தில் சேர்ந்தபிறகு அது அவருக்கு நாகரிகக் குறைவாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

வயல் வரப்பில் வழுக்கி, ஓடையில் இறங்கி, இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் நெருங்கி வந்த இடுக்குக்குள் நுழைந்தார்கள். வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரிந்தது. வளைவு திரும்பியதும் அருவி. அதிக உயரமில்லை. ஆனால் பாறைப் பிளவிலிருந்து ஒரே பாளமாக, கறுத்த கல்லுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று விழுந்தது. வேலுச்சாமி அப்படியே நின்றுவிட்டார். அழகைக் கண்டு என்று சொல்லலாம். ஜெயராமின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தும் நின்றிருக்கலாம்.

அவர் முக்காலியை விரித்து நிமிர்வதற்குள் கனகவள்ளி எண்ணெய் தேய்த்து முடித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்கடியில் போய் நின்றுவிட்டாள். குடை கரையில் கிடந்தது.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளி நில்லு. படத்துல நீ விழுதே."

"அருவிக்கு வந்துட்டுக் குளிக்காமப் பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன டிவியா? நீங்க எடுக்கத எடுங்க. நான் நிக்கத நிக்கேன்."

அவர் கத்தினார், கெஞ்சினார், கையை ஆட்டினார். அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்பதாக அவள் பாவித்தாள். அந்தச் சமயம் பார்த்து மேகம் விலகி, வெயில் ஒரு கீற்று மலையிடுக்குக்குள் சாய்ந்து இறங்கியது. தண்ணீர் அவள் உச்சந்தலையில் விழுந்து குடைபோல விரிந்து சிதறியது. சிதறிய ஒவ்வொரு துளியிலும் வெளிச்சம். அவள் கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலுச்சாமியின் விரல் அவரைக் கேட்காமலே அழுத்திவிட்டது. அடுத்த நிமிஷம் மூட்டம் இறங்கி அருவியே காணாமல் போயிற்று. கடைசிவரை காத்திருந்தும் கிடைத்தது அந்த ஒரு படம்தான்.

கரையேறியவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நானா இது?" என்றாள்.

இதுதான் மாட்டுங்கா கண்காட்சிக்குப் போகப்போகிறது என்றார் வேலுச்சாமி. அவர் அருவியைச் சொன்னார். அவள் தன்னை என்று எடுத்துக்கொண்டாள். திரும்புகிற வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது சிரித்துக்கொண்டே வந்தாள்.

படத்தைக் கண்டதும் ஜெயராமின் கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை, மூக்கிலேயே நின்றது. அது பெரிய கௌரவம். பிறகு அவர் முகம் சுளித்தது.

"எல்லாம் பிரமாதம், மிஸ்டர் வேலுச்சாமி. யாரது, குறுக்கே ஒரு பொம்மனாட்டி?"

வீட்டுக்காரி என்று சொல்ல வேண்டிய இடம் அது. சுற்றிலும் கழகத்தார் நின்றார்கள். எண்ணெய் வழியும் தலையும் இழுத்துச் செருகிய சேலையும் பெரிதாகத் திரையில் தெரிந்தன.

"யாரோ சார்," என்றார் வேலுச்சாமி. "குளிக்க வந்தவங்க."

"அப்போ எடுத்துடுங்கோ."

படத்தை அவர் போனுக்கு ஏற்றித்தான் கொண்டுபோயிருந்தார். போனில் இப்போது அதற்கும் வசதி இருக்கிறது. வேண்டாத ஆளைச் சுற்றி விரலால் ஒரு கோடு போட்டால் போதும், ஆள் போய்விடும். வேலுச்சாமி தன் விரலாலேயே போட்டார். கனகவள்ளி போய்விட்டாள், பின்னாலிருந்த பாறை வந்துவிட்டது. தலையில் பட்டுச் சிதறிய தண்ணீரை என்ன செய்வதென்று மட்டும் போனுக்குத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டது. பழைய படத்தின் மேலேயே சேமிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றார். அடுத்த ஞாயிறு கொக்குக்கு இடம் வேண்டுமென்று கேமராவின் கார்டையும் துடைத்திருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் அவள் முகம் எங்குமே மிச்சமில்லை என்பது அவருக்கு உறைத்தது. உறைத்தும் வாயைத் திறக்கவில்லை.

கனகவள்ளி திறந்த வாயை மூடவில்லை. நாத்தனார் மகேஸ்வரியிலிருந்து கடைக்கு டம்ளர் வாங்க வந்தவர்கள்வரை எல்லோருக்கும் செய்தி போயிற்று. கண்காட்சியன்று, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக, தாராவியிலிருந்து இரண்டு டாக்ஸி நிறையப் பெண்கள் மாட்டுங்கா ஹாலில் வந்து இறங்கினார்கள்.

முதல் பரிசு வேலுச்சாமிக்கு. தோளில் பொன்னாடை. ஜெயராம் படத்தருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தார். ஆள்நடமாட்டமே இல்லாத இடமாம். அருவி நடுவழியில், ஒன்றிலும் மோதாமல், தானாகவே குடைபோல விரிகிறதாம். இயற்கையின் மர்மமாம். கழகத்தார் தலையாட்டினார்கள். காற்றின் சுழற்சியாக இருக்கும் என்றார் ஓர் ஆடிட்டர்.

தாராவிப் பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மகேஸ்வரி படத்தை மேலும் கீழும் தேடினாள்.

"நீ எங்க மைனி?" என்று கேட்டாள்.

கனகவள்ளி படத்தைப் பார்த்தாள். பொன்னாடையைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெட்கம் படர்ந்ததை வேலுச்சாமி கண்டார். வெட்கப்பட வேண்டியவர் தாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் மெல்லக் கையை நீட்டி, தண்ணீர் சிதறும் இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தா, இங்கதான் நிக்கேன்."

"அம்மா, படத்தைத் தொடப்படாது," என்றார் ஜெயராம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, மறைக்கறது. நீங்க யாரு?"

"யாருமில்ல சார்," என்றாள் கனகவள்ளி. "பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

வேலுச்சாமி பொன்னாடையை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரி சார்," என்றார். "அது மர்மம்லாம் இல்ல. அவ தலையில பட்டுத்தான் தண்ணி செதறுது."

காற்றின் சுழற்சி என்று சொன்ன ஆடிட்டர் காப்பி குடிக்கப் போனார். படத்தைக் கழகம் அன்று மாலையே சுவரிலிருந்து இறக்கிவிட்டது, மனிதக் கறை படிந்திருந்ததால்.

இப்போது அது பாத்திரக் கடையில், கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. மாட்டச் சொன்னவள் கனகவள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சயானுக்கோ வாஷிக்கோ மகேஸ்வரியோடு ஊர் சுற்றப் போய்விடுகிறாள். கடையில் வேலுச்சாமி நிற்கிறார். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, நல்ல அருவி, ஆனால் நடுவில் ஏன் அப்படித் தெறிக்கிறது என்று கேட்காமல் போவதில்லை. அவர் குக்கரை மூடி வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் சொல்கிறார்.

"அதுதான் என் வீட்டுக்காரி."