ஒன்று தசம் நாலு

முதல் தடவை உயர்தரப் பரீட்சை எழுதி முடிவு வந்தபோது, பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி என் தொலைபேசித் திரையில் ஒன்று தசம் நாலு. கண்டி மாவட்டத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போக அது காணாது என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாப்பாவுக்குத் தெரியவில்லை. அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்த அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இசட் புள்ளி கூடக் கூடத்தான் நல்லது என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். அவர் அதை ஓட்டப் பந்தயத்தில் வந்த இடம் போல எடுத்துக்கொண்டார்.

"ஒண்டுக்குக் கிட்ட ஈக்குதே மகன்! அல்ஹம்துலில்லாஹ்!"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. பின்னேரம் உம்மா இனிப்புக்கு வட்டிலாப்பம் அவித்தார். வாப்பா தானே தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசையில் இருந்த கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கினார். மறுநாளிலிருந்து நான் டொக்டர். எதிர்க்கடை ஹாஜியார் தன் முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்து கேட்கத் தொடங்கினார். சிரித்துச் சமாளித்தேன்.

யாருக்கு இடம் என்று சொல்லும் வெட்டுப்புள்ளி வெளிவர மாதங்கள் எடுக்கும். அதற்குள் பரீட்சையைத் திரும்பவும் இரண்டாம் தரம் எழுத விண்ணப்பித்துவிட்டு, தினமும் கண்டிக்கு பஸ் ஏறி டியூஷன் வகுப்புக்குப் போனேன். கெம்பஸுக்குப் போவதற்கு முன்னால் இங்கிலீஸ் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். வகுப்பில் என்னைவிட ஒரு வயது இளையவர்கள் வெள்ளைச் சீருடையில் முன்வாங்குகளில் இருப்பார்கள். நிறச்சட்டை போட்ட நாங்கள், இரண்டாம் தரக்காரர், பின்னால் ஒதுங்கியிருப்போம். அந்த வெட்கம்கூடப் பழகிவிட்டது. வாப்பாவுக்குச் சொன்ன பொய்தான் பழகவில்லை.

ஒரு நாள், நான் கடையின் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சீருடைத் துணி வாங்க ஓர் ஆசிரியை வந்தார். மகன் எப்படிச் செய்தார் என்று கேட்டார். வாப்பா பெருமையாக எண்ணைச் சொன்னார். ஆசிரியை சற்றுத் தயங்கி, அதன் அர்த்தம் என்னவென்று தணிந்த குரலில் விளங்கப்படுத்தினார். வாப்பா எல்லாவற்றையும் கேட்டார். துணியை அளந்து வெட்டிக் கொடுத்தார். ஆசிரியை போனதும் என் பக்கம் திரும்பி, "கடையப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

எங்கள் கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். அந்தக் கடை நானாவிடம் வாப்பா பேசியது தெளிவாகக் கேட்டது.

"நானா, மகனுக்கு இன்னும் கிடைக்கல்ல. வெளங்காம நான்தான் பெரிசாச் சொல்லிட்டன். புள்ளட பிழை இல்ல. திரும்பவும் எழுதுவான், துஆ செய்ங்க."

பிறகு அடுத்த கடை. அதற்கும் அடுத்தது. வட்டிலாப்பம் கொண்டுபோன ஒரு கடையையும் விடவில்லை. கடைசியாக ஹாஜியாருடைய வாசலில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாப்பாவுடைய பிழை அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. என் வாயில் வந்திருக்க வேண்டிய வார்த்தைகளை அவர் கடை கடையாகச் சுமந்துகொண்டு திரிந்தார். திரும்பி வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. பரீட்சை முடிவு வரும் நாட்களில் எங்களுடன் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் போன் மேல் போன் வரும், எல்லோரும் எவ்வளவு, எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. அவர் இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

அன்று நான் இரண்டாம் தரம் எழுதிய பரீட்சையின் முடிவு வந்தபோது அவர் கடையில் ஒரு பெண்ணுக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். நான் போனும் கையுமாக வாசலில் நிற்பதைக் கண்டு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எண் ஒண்டும் வேணாம் மகன். கிடைக்குமா, கிடைக்காதா?"

"கிடைக்காது வாப்பா."

கடையில் ஆள் இருக்கிறதே என்றுகூட நான் யோசிக்கவில்லை.

"இந்த முற எனக்கிட்டயே முதல்ல சொல்லிட்டாய்" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியும்.